சங்கிலி ஜெபத்தில் ஒரு மணி நேரம்

பிப்ரவரி 6

தங்கைக்கு,

உன் கார்டு கிடைத்தது. நான்கு வருடம் கழித்து ஒரு கார்டு. அதில் முக்கால்வாசி ஸ்தோத்திரம். மிச்ச இடத்தில், நம் கடைக்குட்டி போதக ஊழியத்தை விட்டுவிட்டுத் தேர்தலில் நிற்கப்போகிறான் என்று நுணுக்கி எழுதியிருக்கிறாய். 'அண்ணா, நீங்கள் சொன்னால் கேட்பான்' என்று வேறு. நான் சொல்லி அந்த வீட்டில் யார் எதைக் கேட்டீர்கள்?

இருந்தாலும் சொல்கிறேன். நிற்க வேண்டாம் என்று சொல். நல்லவன் ஓட்டுக் கேட்கக் கூடாது என்பதற்காக அல்ல. நம் ஊர்ச் சபை அவனைக் கைவிடும் என்பதற்காக. எனக்கு அந்தச் சபையைத் தெரியும். அப்பாவின் அடக்க ஆராதனையில் பழைய போதகர் பாதி ஜெபத்தில் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மந்திரி வீட்டுக் கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதாம். அப்பாவைக் குழியில் இறக்கும்போது நாமே பாட்டுப் பாடி நாமே ஆமென் சொன்னோம். நீ மறந்திருப்பாய். நீ எல்லாவற்றையும் மன்னித்துவிடுகிறவள். நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

சாயப்பட்டறை முதலாளி ஆலயத்துக்கு மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்தாரே, ஒவ்வொரு இறக்கையிலும் அவர் பெயர். சுற்றும்போது படிக்க முடியாது, கரண்ட் போனால்தான் அவர் தெரிவார் என்று நான் சபைப் பள்ளி ஆசிரியர் அறையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் கொண்டுபோய்ச் சொன்னார். பிறகு ஆலய மண்டபத்தைக் கட்சிக் கூட்டத்துக்கு விடக் கூடாது என்று மனு எழுதினேன். அதோடு என் வேலை போயிற்று. பணிநீக்க உத்தரவில் பள்ளிக் குழுச் செயலாளர் என்று உன் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டிருந்தார். மாப்பிள்ளைக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும்.

இங்கே டுடோரியலில், மூன்று முறை தோற்ற பையன்களுக்கு வரலாறு நடத்துகிறேன். மூக்குக்கண்ணாடிக் கடை மாடியில் ஒரு அறை. 'எழுத்து தெரியுதா, இப்பத் தெரியுதா' என்று கீழேயிருந்து நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கும். சௌகரியம்தான்.

பட்டறையில் தீப்பிடித்ததைப் பேப்பரில் படித்தேன். அதற்கும் அவன் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்? எழுது. கார்டில் வேண்டாம். கவரில் எழுது.

அண்ணன்

•

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஸ்தோத்திரம். நீங்கள் கேலி செய்வீர்கள் என்று தெரிந்தும் எழுதுகிறேன். கை வேறு மாதிரி ஆரம்பிக்க மாட்டேன் என்கிறது.

தீயில் செத்தவர்களில் பாதிப் பேர் கடைக்குட்டியின் சின்னச் சபையைச் சேர்ந்தவர்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு வந்தார்கள். அன்றைக்கு எனக்குப் பகல் டியூட்டி. அவன் ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் கையைப் பிடிக்கப் பார்த்தான். பிடிக்கிற மாதிரி கைகள் இல்லை அண்ணா. பின்கதவை அடித்து அடித்து அப்படி ஆகியிருந்தது. கதவு வெளியிலிருந்து பூட்டியிருந்ததாம். வேலை நேரத்தில் யாரும் டீ குடிக்கப் போகக் கூடாது என்று முதலாளி வைத்த பூட்டு.

ஒரு வாரம் முழுக்க அவனுக்கு அடக்க ஆராதனைதான். கடைசி ஆராதனைக்கு முதலாளியும் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்துக்கொண்டே பூட்டைப் பற்றிப் பிரசங்கம் செய்தான். அடுத்த வாரமே பேராயர் கூப்பிட்டு, மன்னிப்புக் கேள், இல்லையென்றால் அங்கியைக் கழற்று என்றார். கழற்றி, என்னிடம் கொடுத்து, 'துவைச்சுக் குடுத்துடுங்கக்கா, அவங்க சாமான்' என்றான். முதலாளி ஆளுங்கட்சி சார்பில் நிற்பது முடிவானதும் பட்டறைக்காரர்கள் இவனை வந்து கேட்டார்கள். சரி என்றுவிட்டான்.

போன ஞாயிறு எங்கள் வீட்டில் சாப்பிடும்போது இவருக்கும் அவனுக்கும் பேச்சு.

"சபைக்கு அரசியல் ஆகாதுடா. எத்தனை தடவை சொல்றது?"

"அப்ப முதலாளிக்குப் பீடத்துப் பக்கத்துல நாற்காலி போட்டீங்களே அத்தான். அவருக்கு என்ன, மூட்டுவலியா?"

"அவர் விசுவாசி. கொடுக்கிற மனசு."

"செத்தவங்களும் விசுவாசிங்கதான். குடுக்கிறதுக்கு உசுருதான் இருந்துச்சு, குடுத்துட்டாங்க."

இவர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். நான் அவனைத் திட்டினேன். 'போதகர் வேலையே பெரிய வேலைடா, அதைச் செய்' என்றேன். 'அடக்கம் பண்றதோட என் வேலை முடிஞ்சிரும்னா, நான் போதகர் இல்லக்கா, சவப்பெட்டிக் கடைக்காரன்' என்றான்.

எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மெஷினே முதலாளி கொடுத்தது. அதைத் தொடும்போதெல்லாம் அந்தப் பூட்டு ஞாபகம் வருகிறது. ஆனால் இவருக்கு விரோதமாக நான் எங்கே போய் நிற்பேன்? ஜெபம் செய்கிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அன்புத் தங்கை

•

ஏப்ரல் 12

தங்கைக்கு,

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் ஆஸ்பத்திரிக்கு மருந்து ஏற்றிவரும் வேன் டிரைவர் என் பழைய மாணவன். அவன் கையில் கொடுக்கிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

உன் தம்பி என்னிடம் இருக்கிறான்.

தேர்தலில் அவன் தோற்ற செய்தி உனக்குத் தெரியும். ஓட்டு எண்ணிய மறுநாள் முதலாளியின் ஆள் ஒருவனை யாரோ வெட்டியதும், தூண்டிவிட்டது இவன் என்று கொலைமுயற்சி வழக்குப் போட்டதும் தெரியும். தெரியாததைச் சொல்கிறேன். இவனோடு சேர்த்துப் பெயர் எழுதப்பட்ட பட்டறைக்காரர்கள் இரண்டு பேரை உங்கள் ஊர் போலீஸ் பிடித்தது. ஒருவன் நடந்து போனான், தூக்கிக்கொண்டு வந்தார்கள். மற்றவனைப் பற்றித் தகவலே இல்லை. என் கூடப் படித்த ஒரு வக்கீல் உயர் நீதிமன்றத்தில் இருக்கிறான். வியாழக்கிழமை 21ஆம் தேதி இவனைத் தானே கூட்டிப்போய் நேராக நீதிபதி முன்னால் நிறுத்துகிறேன் என்கிறான். அதற்கு முந்தி தேதி கிடைக்கவில்லை. நீதிபதி கண்ணில் பட்டுவிட்டால் இவனை யாரும் தொட முடியாது. அதற்கு முன் உங்கள் ஊர் போலீஸ் கையில் சிக்கினால் உயிரோடு வர மாட்டான். வக்கீல் சொன்ன வார்த்தை இது, நான் கூட்டிச் சொல்லவில்லை.

ஆகவே வியாழக்கிழமை வரை அவன் இங்கே இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியலாம்: எனக்கு, வக்கீலுக்கு, உனக்கு. டிரைவருக்குக்கூட உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. உன் வீட்டுக்காரரிடம் மூச்சு விடாதே. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை (அதை வேறு கடிதத்தில் சொல்வேன்), பயந்தவர்.

உனக்கு ஏன் சொல்கிறேன் என்றால், இரண்டு நாளாக அவனுக்கு ஆஸ்துமா இழுப்பு அதிகமாகிவிட்டது. இங்கே டாக்டரிடம் கூட்டிப்போக பயமாக இருக்கிறது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்து மருந்து கொடுத்தவள் நீ. டிரைவரிடம் அனுப்பு, எத்தனை வேளை என்று எழுது.

கட்டிலில் அவன், தரையில் நான். குனிந்து உட்கார்ந்து ஜெபம் பண்ணுகிறான். யாருக்காக என்று கேட்டேன். உங்கள் ஊர் இன்ஸ்பெக்டருக்காகவாம். 'ஓட்டெல்லாம் எங்கேடா போச்சு, உன் ஆண்டவர் என்ன சொன்னார்?' என்று சீண்டினேன். 'ஓட்டு எண்றது அவர் வேலை இல்லண்ணா. அதுக்குத்தான் அதிகாரிங்க இருக்காங்களே, நல்லா எண்ணுவாங்க' என்றான். நான் சிரித்துவிட்டேன். இந்த அறையில் நான் சிரித்துப் பல நாளாகிறது. அவன் சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது.

மருந்தை மறக்காதே.

அண்ணன்

•

ஏப்ரல் 16

அன்புள்ள அண்ணாவுக்கு,

கர்த்தருக்கு ஸ்தோத்திரம்! அவன் உயிரோடு உங்களிடம் இருக்கிறான் என்று படித்ததும் மருந்தறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறீர்கள் என்பதே என் ஜெபத்துக்குப் பெரிய பதில்.

இரண்டு மருந்து வைத்திருக்கிறேன். வாயில் அடிக்கிறது காலையும் இரவும்; அடித்ததும் கொப்பளிக்கச் சொல்லுங்கள், சோம்பல்படுவான். மாத்திரை இழுப்பு அதிகமானால் மட்டும். சாய்ந்து உட்காரட்டும், முதுகுக்குத் தலையணை. உங்கள் பீடியை மாடிப்படியில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் சொன்னபடி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கடிதத்தைக் கிழித்துவிட்டேன். இவரிடமும் வாய் திறக்கவில்லை. ஜெபத்தில் மட்டும்தான் வைத்தேன். நேற்று எங்கள் பெண்கள் ஐக்கியத்தின் சங்கிலி ஜெபம். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மணி நேரம் குடும்பமாக முழங்காலில் நிற்போம். நேரம் முடிந்ததும் ஜெபக்குறிப்பை அடுத்த வீட்டுக்குச் சொல்லிவிடுவோம், நாள் முழுக்க அறாமல் போகும். நான் பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை. 'வீட்டைப் பிரிந்து ரத்த உறவிடம் ஒதுங்கியிருக்கிற ஒரு ஊழியக்காரர், இழுப்பினால் கஷ்டப்படுகிறார், வியாழக்கிழமை நீதிபதி முன்னால் நிற்கும்வரை கர்த்தர் மறைத்துக் காக்க வேண்டும்.' இவ்வளவுதான். எத்தனையோ ஊழியக்காரர்கள், யாரென்று யாருக்குத் தெரியும்?

அண்ணா, ஒரு வீடும் மறுக்கவில்லை. சபையில் எத்தனை பேர் அவன் பக்கம் இருக்கிறார்கள் என்று நேற்றுத்தான் பார்த்தேன். இதைக் கேளுங்கள்: மாலை ஏழிலிருந்து எட்டு வரை எடுத்துக்கொண்டது முதலாளி வீடு! அவரே முழங்காலில் நின்றாராம். கர்த்தர் கல்லான இருதயத்தையும் இளகப் பண்ணுகிறவர். இதை அவனிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவான்.

வேன் திங்கட்கிழமைதான் புறப்படுகிறதாம். அதுவரை இருக்கிற மாத்திரையில் எப்படியாவது ஓட்டியிருப்பான் என்று நம்புகிறேன்.

அன்புத் தங்கை

•

ஏப்ரல் 18

திங்கட்கிழமை மத்தியானம் வந்தார்கள். இன்றைக்கு. உன் மருந்தும் உன் கடிதமும் சாயங்காலம் வந்தன. இதை அதே வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

கோர்ட்டுக்குப் போட என் வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக்கொண்டிருந்தான். சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருந்தது. வக்கீலைவிட நீங்கள்தான் குண்டு என்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். கதவைத் தட்டினார்கள். உடைக்கவில்லை, மரியாதையாகத் தட்டினார்கள். உங்கள் ஊர் இன்ஸ்பெக்டர். அவன் யாருக்காகக் குனிந்து குனிந்து ஜெபித்தானோ அதே ஆள்.

"என்ன பாஸ்டரே, இழுப்பு எப்படி இருக்கு?" என்றார். பிறகு, "உங்களுக்காக ஊரே ஜெபம் பண்ணுது போல. வியாழக்கிழமை வரைக்கும் ஏன் காத்திருக்கணும், நீதிபதியை நாங்களே காட்டறோம்" என்றார்.

அவன் இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டுப் போனான். சட்டை கருகிவிடக் கூடாது என்று. அவர்களோடு படி இறங்கிப் போனான். கீழே கடையில் எழுத்து தெரிகிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அப்போது மட்டும் நிறுத்தினார்கள்.

வக்கீலோடு இங்கே ஸ்டேஷனுக்குப் போனேன். அப்படி யாரையும் கொண்டு வரவில்லை என்கிறார்கள். உங்கள் ஊருக்குத்தான் கொண்டு போயிருப்பார்கள். வக்கீல் நாளைக்கே கோர்ட்டில் மனுப் போடுகிறான், நான் அவனோடு ஓடுகிறேன். நீ ஸ்டேஷன் வாசலில் போய் நில். நர்ஸ் உடுப்பிலேயே போ. மருந்து கொண்டு வந்திருக்கிறேன் என்று சத்தம் போட்டுச் சொல். பார்க்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் அடிக்கிற கை கொஞ்சம் யோசிக்கும்.

உன் கடிதத்தைப் படித்தேன். திரும்பத் திரும்பப் படித்தேன். ஜெபம் கேட்டது பள்ளிக் குழுச் செயலாளரின் மனைவி, அவளுக்கு ஒரு அண்ணன், ஒரு தம்பி, அதில் ஒருவன் ஊரை விட்டு ஓடிய வாத்தியார். ஒருவனுக்கு இழுப்பு. ரத்த உறவு என்று சொன்ன பிறகு ஊர் எதற்கு, பெயர் எதற்கு? உன் ஆண்டவருக்கு அவன் எங்கே இருக்கிறான் என்று தெரியாதா? அவருக்கு வழி சொல்வதற்கா வீடு வீடாக ஆள் அனுப்பினாய்?

இதற்கு மேல் எழுதினால் எழுதக் கூடாததை எழுதிவிடுவேன். வாசலில் போய் நில்.

•

மே 5

அண்ணாவுக்கு,

தந்தி உங்களுக்குக் கிடைப்பதற்குள் மண் போட்டாயிற்று. காலையில் உடலைக் கொடுத்தார்கள், மதியத்துக்குள் அடக்கம் செய்யச் சொன்னார்கள். இவர் எல்லா ஏற்பாடும் செய்தார். நீங்கள் பிந்தி வந்து கல்லறையில் நின்றதையும், வீட்டுக்கு வராமல் திரும்பியதையும் கல்லறைத் தோட்டக்காரர் சொன்னார்.

வாசலில் நின்றேன். நீங்கள் சொன்ன மாதிரி உடுப்போடு, தினமும், டியூட்டி முடிந்ததிலிருந்து இருட்டும்வரை. மருந்து வாங்கிக்கொண்டார்கள். சாப்பாட்டு டப்பா வாங்கிக்கொண்டார்கள். முதல் நாளே டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள். அவன் எந்தக் காலத்தில் தட்டைக் கழுவியிருக்கிறான், ஊறப் போட்டுவிட்டுத்தானே போவான். அப்போதே அவன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் மறுநாள் சமைத்தேன்.

இழுப்பில் மூச்சுத் திணறிச் செத்தான் என்று எழுதியிருக்கிறார்கள். அவனைக் குளிப்பாட்டியது நான். இழுப்பில் சாகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் உள்ளங்கால் அப்படி வீங்காது. இடது பக்கம் விலா உள்ளே போயிருந்தது, விரலை வைத்தால் எலும்பு நகர்ந்தது. ஸ்டேஷனில் நான் கொடுத்த மருந்து சட்டைப்பையில் சீல் உடைக்காமல் இருந்தது.

முதலாளியின் மனைவியிடம் போய்க் கேட்டேன். அவள் அழுதாள். பொய்யாக அழவில்லை. 'உண்மையாவே ஒரு மணி நேரம் முழங்கால்ல நின்னாரு அக்கா. கண்ணுல தண்ணி வந்துச்சு. அப்புறம் எந்திரிச்சு முகம் கழுவிட்டுப் போன் பேசினாரு. யார்கிட்டன்னு நான் கேக்கல' என்றாள். அண்ணா, அவர் நடித்திருந்தால் எனக்கு லேசாக இருக்கும்.

20ஆம் தேதி மாஜிஸ்ட்ரேட் விசாரணை. நீங்கள் வக்கீல் மூலம் போட்ட மனுதான் காரணம் என்று இவர் சொன்னார். நான் பார்த்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். 'போனா, திரும்பி இந்த வீட்டுக்கு வராதே' என்றார். கத்தவில்லை, மெதுவாகச் சொன்னார். சொல்லிவிட்டு, வாசலில் யாராவது கேட்டார்களா என்று எட்டிப் பார்த்தார். பயந்தவர் என்று நீங்கள் எழுதியது சரி. மேட்ரனும் கூப்பிட்டு எக்ஸ்ரே மெஷின் யார் கொடுத்தது என்று ஞாபகப்படுத்தினார்கள். துணி எடுத்துவைத்துவிட்டேன். போவேன்.

பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஆறுதல் சொல்ல வந்தார்கள். ஜெபிப்போம் என்று எல்லோரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. வாயைத் திறந்தால் யார் கேட்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தனியாக இருக்கும்போதும் ஜெபம் வரவில்லை. நாற்பது வருஷமாக வந்தது, நின்றுவிட்டது.

மன்னிப்புக் கேட்டு எழுதவில்லை. கேட்டால் நீங்கள் முடியாது என்று சொல்ல வேண்டியிருக்கும். ஒன்றே ஒன்று தெரிய வேண்டும். இன்ஸ்பெக்டர் இழுப்பைப் பற்றியும் ஜெபத்தைப் பற்றியும் பேசியபோது கடைக்குட்டி பக்கத்தில் இருந்தானே. அது என்னால்தான் என்று அவனுக்குப் புரிந்ததா? ஏதாவது சொன்னானா? நீங்கள் எதையும் மறைத்து எழுதுகிறவர் இல்லை. அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

தங்கை

•

மே 11

தங்கைக்கு,

புரிந்தது. இன்ஸ்பெக்டர் வாயை மூடுவதற்கு முன்பே அவனுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு முழுசாகப் புரியத்தான் உன் கடிதம் வரவேண்டியிருந்தது.

கீழே இறங்கும்போது படித் திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்றான். செருப்பு வார் கழன்றுவிட்டது என்று சொல்லிக் குனிந்தான். நானும் குனிந்தேன். "அக்கா ஜெபத்துல வெச்சிருக்காங்கண்ணா" என்றான். கோபம் இல்லை; மழை வந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னான். அப்புறம் சொன்னான்: "அவங்களுக்குத் தெரிய வேண்டாம். கீழ்க் கடைக்காரர் காட்டிக்குடுத்துட்டார்னு சொல்லிடுங்க. தெரிஞ்சா அவங்களால அப்புறம் ஜெபம் பண்ணவே முடியாது." போலீஸ்காரன் தோளைத் தட்டினான், எழுந்து போய்விட்டான்.

அவன் என்னிடம் கடைசியாகக் கேட்டது அதுதான். வெளியே வந்தால் என்ன செய்ய வேண்டும், வக்கீலிடம் என்ன சொல்ல வேண்டும், ஒன்றும் கேட்கவில்லை. உன் ஜெபம் கெடாமல் இருக்க வேண்டும் என்றுதான் கேட்டான்.

18ஆம் தேதி நான் உனக்கு எழுத உட்கார்ந்தபோது கடைக்காரர் என்று எழுதத்தான் நினைத்தேன். இரண்டு வரி எழுதியும் விட்டேன். பிறகு உன் கடிதத்தில் முதலாளி வீட்டைப் பற்றி ஆச்சரியக்குறி போட்டு எழுதியிருந்ததைப் பார்த்தேன். தாளைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். அவன் சாவதற்கு முன்பே அவன் கேட்டதை நான் மீறிவிட்டேன். அதில் பாதியை மறைத்தாவது வைத்திருந்தேன். இப்போது நீ கேட்டதும் மீதியையும் சொல்லிவிட்டேன். அவன் அளவுக்கு நல்லவனாக இருக்க எனக்கு வராது. உன்னை மன்னிக்கவும் இதுவரை வரவில்லை. வந்தால் எழுதுகிறேன், வராவிட்டால் எழுத மாட்டேன்.

விலாவைப் பற்றியும் உள்ளங்காலைப் பற்றியும் எனக்கு எழுதிய மாதிரியே அங்கே சொல். அழாமல் சொல். அழுதால் அக்கா என்று எழுதிக்கொள்வார்கள். நீ நர்ஸ் என்று எழுத வேண்டும். பிடித்துப்போன மத்தியானம் அவன் நன்றாக நடந்து படியிறங்கினான் என்று நான் சொல்வேன்.

20ஆம் தேதி பத்து மணிக்குக் கோர்ட் வாசலில் நிற்பேன். பெட்டியோடு வா. அன்றைக்குச் சாயங்காலம் நீ எங்கே போவாய் என்று யாரிடமும் கேட்க வேண்டாம். அறையில் கட்டில் காலியாகத்தான் இருக்கிறது. உன்னோடு என்ன பேசுவது என்று எனக்குத் தெரியாது. பேசாமல் வந்து உன் பக்கத்தில் உட்காருவேன்.

அண்ணன்